தோள் வரட்டும்

ஒரு பையைச் செய்து தர மாட்டேன் என்று சொல்லி ஒருவர் குடியிருக்கும் இடத்தையே இழக்கலாமா? அதனால் யாருக்கு என்ன கிடைத்தது? எட்டு வருஷமாக எனக்குப் பதில் தெரியாத கேள்வி இது. சில நாட்களில் அந்த அக்கா செய்தது சரி என்று படுகிறது. சில நாட்களில், நாலு தெரு நடந்துபோய் அளவெடுத்து வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று படுகிறது. குழந்தை தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது ஒரு பக்கம் சாய்வேனா, தெரியவில்லை.

நாமக்கல்லில் எங்கள் வீடு லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்தெருவில் இருந்தது. காலையில் தகரம் தட்டும் சத்தம் தொடங்கினால் இருட்டும்வரை ஓயாது. பெயின்ட் வாசனை சோற்றில்கூட இருக்கும். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பட்டறை முதலாளியின் கட்டடத்தில், தெருவைப் பார்த்த ஒற்றை அறையில் அந்த அக்கா குடியிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பார்கள். ஆனால் வந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் எங்களைப் போலத்தான் பேசுவார். எல்லாருக்கும் அவர் பைக்காரக்கா. வேறு பெயர் நான் கேட்டதில்லை. அவர் வீட்டுக்காரர் பட்டறையில் லாரி சீட்டு தைத்துக்கொண்டிருந்து, ஒருநாள் வடக்கே போகும் லாரியில் ஏறியவர் திரும்பவில்லை என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். அக்கா அதைப் பற்றிப் பேச மாட்டார். கணவர் விட்டுப்போன கனமான தையல் மெஷின் மட்டும் அறையின் நடுவில் இருந்தது.

அந்த மெஷினில்தான் அக்கா பைக்கு அடிப்பாகம் தைப்பார். சீட்டுக்கு வெட்டியது போக மிஞ்சிய ரெக்ஸின் துண்டுகள் அவருக்குக் கிடைக்கும். அடிப்பாகத்துக்கு மேலே முழுக்க குரோஷா பின்னல். வாரம் ஒருமுறை வெண்ணந்தூருக்கு பஸ் ஏறிப்போய், தறிக்காரர்கள் வீட்டில் பாவு முடிந்து மீந்த நூலை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிப் பின்னினால் கயிறு மாதிரி உறுதியாக இருக்கும். ஊசிகூடக் கடையில் வாங்கியதில்லை. சைக்கிள் ஸ்போக் கம்பியின் நுனியைப் பட்டறையில் அரத்தால் ராவி, கொக்கிபோல் வளைத்து வைத்திருப்பார். வேலை இல்லாத நேரத்தில் அது அவர் கொண்டையில் செருகியிருக்கும். கொண்டையில் கம்பி இருந்தால் பேசலாம், கையில் இருந்தால் பேசக்கூடாது. இது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

கைப்பை, சின்ன பர்ஸ், டிபன் வைக்கும் பை என்று எல்லாம் செய்வார். பர்ஸை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போகலாம். தோளில் மாட்டும் பைக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைச் சுமக்கப்போகிறவர் நேரில் வர வேண்டும்.

ரவிக்கைக்கு அளவெடுப்பது போல அவர் பைக்கும் அளவெடுப்பார். எதிரே நிற்க வைத்து, ஒரு நூலைத் தோள்மேட்டில் வைத்து, தொங்கவிட்ட கையோரமாக இறக்கி, முழங்கைக்குக் கீழே ஓர் இடத்தில் நிறுத்துவார். தோளில் ஒரு முடிச்சு, அங்கே ஒரு முடிச்சு. பையின் வாய் அந்த இரண்டாவது முடிச்சில் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் பஸ் கூட்டத்தில் பை அக்குளுக்கடியில் அடங்கும். குனிந்து பார்க்காமலே கை உள்ளே போகும். பின்னல் பட்டை நாள்பட இழுத்துக்கொடுக்கும் என்பதால் அதற்கு அடியில் காக்கி நாடா ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார். அளந்த நூல்களை வீசாமல், ஒவ்வொன்றிலும் ஒரு நிறத் துணியைக் கட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். எந்தத் துணி யாருடையது என்று எழுதி வைத்ததில்லை. எல்லாம் அவருக்கு ஞாபகம்.

ஆண்கள் வந்து மனைவிக்கோ மகளுக்கோ பை கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான். "தோளு வரட்டுங்க."

ஒரு லாரி டிரைவர், என்ற சம்சாரம் உங்க ஒசரந்தானுங்க, உங்களுக்குச் செய்யற மாதிரியே ஒண்ணு செஞ்சுருங்க என்று கெஞ்சிப் பார்த்தார். "அப்படீன்னா அத நானே மாட்டிக்கறனுங்க. அவங்களுக்கு அவங்க வந்தப்பறம் பாக்கலாம்" என்றார் அக்கா. ரிட்டையரான வாத்தியார் ஒருவர் தன் மனைவியை அடிஸ்கேலால் அளந்து, அங்குலக் கணக்கில் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். அக்கா தாளை மரியாதையாக வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் அந்த அம்மாள் வந்து உள்ளே நிற்க, வாத்தியார் வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரும் வழியில் மனைவி தன்னைவிட வேகமாக நடந்துவிட்டதாக எங்கள் அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

எங்கள் அப்பாவும் தப்பவில்லை. அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. எனக்கு ஆசிரியப் பயிற்சிக்கு சேலத்தில் இடம் கிடைத்தபோது பைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். பை தெக்கறவளுக்கு இத்தன பவுசா என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் என்னை அனுப்பினார்.

"கையத் தொங்க உடு அம்மிணி. மூச்ச இழுத்துப் புடிக்காத. பஸ்ஸுல நிக்கற மாதிரி நில்லு" என்றார் அக்கா.

நான் நிற்பதே எப்போதும் கொஞ்சம் குறுகித்தான். அவர் நூலோடு காத்திருந்தார். என் தோள் இறங்கும்வரை அளக்கவில்லை. சேலத்துக்கு யார் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று கேட்டார். அப்பா என்றேன். திரும்பி வரும்போது என்று கேட்டார். நானேதான் என்றேன். "அப்ப திரும்பி வார அளவுக்கே போட்டுத் தாரேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தோள் தானாக இறங்கிவிட்டது.

அவுரி நீலமும் மிளகாய்ச் சிவப்புமாக ஒரு பை. அடியில் பழுப்பு ரெக்ஸின். இரண்டு வருஷம் அதைச் சுமந்தேன்.

பயிற்சி முடிகிற வருஷம், விடுமுறையில் வந்திருந்தபோதுதான் அது நடந்தது. நாடாவில் தையல் விட்டிருந்ததால் பையை எடுத்துக்கொண்டு அக்காவின் அறையில் உட்கார்ந்திருந்தேன். பட்டறை முதலாளியே வந்தார். அவர் கையில் ஒரு பழைய ஜாக்கெட். தன் மருமகளுக்குப் பை வேண்டுமாம், அளவுக்கு அவள் ஜாக்கெட்டைக் கொண்டுவந்திருக்கிறாராம்.

அந்த மருமகளை எனக்குத் தெரியும். நாமகிரிப்பேட்டைப் பெண். எங்கள் ஊரில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. கல்யாணமாகி எங்கள் ஊருக்கே வந்தும், ஒரு வருஷத்தில் கோயிலில் காரிலிருந்து இறங்கும்போது மட்டும்தான் அவளைப் பார்த்திருந்தேன்.

அக்கா எழுந்து ஸ்டூலை எடுத்துப் போட்டார். முதலாளி உட்காரவில்லை.

"ஜாக்கெட்டு பை சுமக்காதுங்களே. தோளு வரட்டுங்க."

முதலில் அவர் சிரித்தார். "என்ற ஊட்டுப் பொம்பளைங்க பட்டறத் தெருவுல வந்து நிக்கற பழக்கமில்ல."

"நிக்க வேண்டாமுங்க. உள்ளார வந்து உக்காரட்டும்."

"காரு அனுப்பறேன். நீ வந்து அளந்துக்க."

"நான் வந்தா, நான் வந்ததாத்தானுங்க ஆகும்."

பட்டறையில் யாரோ தகரம் தட்டுவதை நிறுத்தினார்கள். முதலாளி அறையைச் சுற்றிப் பார்த்தார். "இது என்ற ரூமுங்கறது நெனப்பிருக்குதா?"

"இருக்குதுங்க. ரூமு உங்களுது. பை என்றது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டுப் போட ஆள் வரும் என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட்டைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போனார். அன்று திங்கட்கிழமை.

அவர்தான் கார் அனுப்புகிறேன் என்றாரே, ஒரு எட்டு போய் அளந்துவிட்டு வந்தால் என்னக்கா, அவளுக்கும் ஒரு பை கிடைத்திருக்குமே என்று கேட்டேன். அக்கா கம்பியைக் கொண்டையிலிருந்து எடுத்தார்.

"பை எங்கயும் கெடைக்கும் அம்மிணி. கடையில தொங்குது."

பின்ன ஆரம்பித்துவிட்டார்.

அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அக்கா அறையை இழக்கக் கூடாது, சிநேகிதிக்குப் பையும் வேண்டும், யாருக்கும் மனத்தாங்கலும் வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே வழி இருப்பதாக எனக்குத் தோன்றியது. புதன்கிழமை மத்தியானம் சிநேகிதியைப் பார்க்கிற சாக்கில் முதலாளி வீட்டுக்குப் போனேன். மாமியார் உள்ளே படுத்திருந்தார். கிணற்றடியில் வைத்து அவளைக் கையைத் தொங்கவிடச் சொல்லி, அக்கா செய்வது போலவே தோளில் ஒரு முடிச்சு, முழங்கைக்குக் கீழே ஒரு முடிச்சு போட்டேன்.

அவள் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சனிக்கெழம எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போறாங்க. எனக்குத் தலவலின்னு சொல்லிட்டு அந்த அக்காகிட்ட வரலாம்னு இருந்தன். இனி வேண்டாமில்ல?"

"வேண்டாம். நான்தான் அளந்துட்டனே" என்றேன்.

அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அக்கா நூலை வாங்கி முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். சொன்னேன். சனிக்கிழமை அவள் வருவதாக இருந்ததையும், வேண்டாம் என்று நான் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். ஒரு சிரமம் குறைந்தது என்று அவர் சந்தோஷப்படுவார் என எதிர்பார்த்தேன்.

"நாலு தெரு நடந்து வாரதுக்கு அவளே நாளு பாத்து வெச்சிருந்திருக்கறா. அத நீ வேண்டாம்னுட்டு வந்திருக்கற."

திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. நகத்தால் இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்து, நூலை நீவி நேராக்கி, என் கையில் கொடுத்தார்.

மறுநாள் அவளிடம் போய், சனிக்கிழமை வந்துவிடு என்று சொல்லத்தான் கிளம்பினேன். வாசலில் மாமியார் உட்கார்ந்திருந்தார். என்ன அம்மிணி, தெனமும் வார என்று கேட்டார். அதில் கோபமா சந்தேகமா என்று எனக்குப் புரியவில்லை. மருமகள் தூங்குகிறாள் என்றார். மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, போயிட்டு வாரேனுங்க என்று சொல்லித் திரும்பிவிட்டேன். எழுப்பச் சொல்லியிருக்கலாம். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். இதெல்லாம் எனக்கு வீட்டுக்கு வந்தபிறகு தோன்றியவை.

வெள்ளிக்கிழமை பூட்டுப் போட்டார்கள். மெஷினை அக்கா ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிறுத்தி, இரவு அங்கேயே படுத்துக்கொண்டார். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், பூட்டிய அறையின் வாசற்படியில் பிஸ்கட் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருக்கிறார். கையில் கம்பி. பின்னிக்கொண்டிருக்கிறார். பட்டறை மேஸ்திரி வந்து, முதலாளி பார்த்தால் சத்தம் போடுவார், எழுந்து போங்க என்றார்.

"பூட்டுக்கு உள்ளாரதானுங்க அவருது. படி தெருவோட சேத்தி."

வெயில் ஏறியது. அந்தப் பக்கம் நிழலே கிடையாது. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் குடித்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வருவாளாக்கா என்று கேட்டேன்.

"தெரியல. வந்தா நான் இருக்கோணுமில்ல."

தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு லாரி கிளீனர், யாருக்குக்கா காவல் என்று கத்திவிட்டுப் போனான். அக்காவின் கம்பி கையிலேயே இருந்தது. பட்டறையில் தகரச் சத்தம் ஓய்ந்தபிறகுதான் எழுந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டதால் சுவரைப் பிடித்து எழ வேண்டியிருந்தது.

அவள் வரவில்லை. எப்படி வருவாள்? எல்லாரோடும் கல்யாணத்துக்குப் போயிருப்பாள். வேண்டாம் என்றுதான் நான் சொல்லியிருந்தேனே.

அதற்குப் பிறகு அக்கா பஸ் ஸ்டாண்டு மதிலோரத்தில் பழைய லாரித் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே மெஷினைப் போட்டுக்கொண்டார். மழை வந்தால் மெஷினுக்குத்தான் முதலில் முக்காடு. பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் வந்து நின்று அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். அங்கேயும் ஆண்களுக்கு அதே பதில்தான்.

நான்கைந்து மாதம் கழித்து, சேலம் பஸ்ஸுக்காக நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து அந்தப் பட்டறை முதலாளியின் மனைவி இறங்கினார். என் சிநேகிதியின் மாமியார், எனக்கு மோர் கொடுத்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காரில்லை, கூட யாருமில்லை. பஸ் படியில் முந்தானை மாட்டிக்கொள்ள, அதை இழுத்துச் சரிசெய்துகொண்டு நேராகத் தார்ப்பாய்க்குக் கீழே வந்து நின்றார்.

"தோளு வந்திருக்குது. அளந்துக்க."

அக்கா ஒரு புது நூலை எடுத்தார். "கையத் தொங்க உடுங்க. மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க."

அளந்து முடித்ததும், மருமகளுக்குங்களா என்று மெதுவாகக் கேட்டார். அவள் பிரசவத்துக்கு நாமகிரிப்பேட்டை போயிருக்கிறாள், அவளுக்கு வேண்டுமானால் அவள் வருவாள் என்றார் அந்த அம்மாள். "நான் எனக்கோசரம் வந்தன்."

என் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். என் சிநேகிதி பிறகு வந்தாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஊரில் இருந்த நாட்களில் அக்காவிடம் கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவே இல்லை. அதனால்தான் முதலில் எழுதிய கேள்வி அப்படியே இருக்கிறது. அக்கா பிடிவாதம் பிடித்ததால் ஒருத்தி வந்தாள், ஒருத்தி வரவில்லை. வராதவளைத் தடுத்தது அக்காவின் பிடிவாதமா, என் நல்லெண்ணமா?

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பயிற்சி முடித்து எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு ஏழு வருஷத்துக்குமேல் காத்திருந்தேன். நடுவில் கல்யாணமாகி சேலத்துக்கு வந்தேன். மகளுக்கு இப்போது எட்டு மாதம். போன வாரம் வேலை உத்தரவு வந்தது. ஆத்தூர் போகும் வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். வருகிற திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும்.

வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. குழந்தை பால் மறக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார் மாமனார். நானே நேரில் போய் ஆபீஸரைப் பார்த்துத் தவணை கேட்டு வருகிறேன் என்கிறார். என் கணவர், முதலில் நான் போய் அந்த ஊர் எப்படி என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்கிறார். என் அப்பா நாமக்கல்லிலிருந்து வந்து இவர்களிடம் பேசுகிறேன் என்று கடிதம் போட்டிருக்கிறார். எனக்காகப் போவதற்கு எல்லாரும் தயாராக இருக்கிறார்கள். நான் எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். நான் போனால் குழந்தை ஏங்கிவிடுமோ, போகாவிட்டால் இன்னும் ஏழு வருஷம் ஆகுமோ என்று இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துத் தலை கனத்துவிட்டது.

நேற்று டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பையை எடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் எடுக்கிறேன். நீலம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, சிவப்பு அப்படியே இருக்கிறது. ரெக்ஸினில் ஒரு கீறல்கூட இல்லை. உத்தரவை அதில் வைத்தேன். குழந்தையை இடப்பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு, பையை வலது தோளில் மாட்டி நின்று பார்த்தேன். பிள்ளை பெற்ற உடம்பு, தோளும் கையும் பருத்துவிட்டன. பட்டை அக்குளைப் பிடிக்கிறது. பையின் வாய் முழங்கைக்கு மேலேயே நின்றுவிடுகிறது, உள்ளே கை போகவில்லை. நாலு விரல் நீளம் கூடினால் சரியாக இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் மாமனாரிடம், நீங்க போக வேண்டாமுங்க மாமா, நானே போய்ச் சேந்துட்டு வாரேன், பாப்பாவையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு ரசம் ஊற்ற எழுந்தேன். மாமியார்தான், அப்ப நானும் வாரேன், நீ உள்ள போறப்ப பாப்பாவ ஆரு வெச்சிருப்பா என்றார்.

அக்காவிடமே கொண்டுபோய்ப் பட்டையைச் சரிசெய்யலாம் என்றால், இரண்டு வருஷமாக அந்தத் தார்ப்பாய் அங்கே இல்லை. ஆத்தூருக்குத் திரும்பிவிட்டார் என்கிறார்கள் சிலர். ஈரோட்டில் பார்த்தோம் என்கிறார்கள் சிலர்.

எனவே இதைப் படிக்கும் சகோதரிகளிடம் ஒரு யோசனை கேட்கிறேன். பட்டை தனியாகச் செய்து இணைத்தது கிடையாது. பையின் வாயிலிருந்தே இடைவிடாமல் பின்னிக்கொண்டு போய் மறுபக்கம் முடித்திருக்கிறார். அடியில் நாடா வேறு. நாடாவைப் பிரித்துவிட்டுப் பின்னலை நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் அவிழ்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. முடித்த முனையைத் தேடிப் பிரித்து, அங்கிருந்து நாலு விரல் கூட்டிப் பின்ன முடியுமா? அதே தடிமனுக்கு எத்தனை இழை சேர்ப்பது? இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் நான் வேலையில் சேர்ந்திருப்பேன். அதுவரை பட்டையின் ஒரு முனையில் துணி நாடாவைக் கட்டிச் சமாளிக்கிறேன்.

எழுத்தில் சொல்ல வராது, பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றால் உங்கள் விலாசத்தை மட்டும் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். சேலமோ, ஆத்தூரோ, ஈரோடோ, எதுவானாலும் பையை யாரிடமும் கொடுத்து அனுப்ப மாட்டேன். நானே வருகிறேன்.